வீட்டுக்குள்ளும் சபாவிலும் எடுக்கும் படங்கள் ஏன் ஆடிப்போகின்றன?

கேள்வியின் சாரம் இது. கேட்டவரிடம் கேனானின் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் ஒன்றும், 18-55, 55-250 மி.மீ. ஆகிய இரண்டு ஜூம் லென்ஸ்களும் இருக்கின்றன. பெசன்ட் நகர் கடற்கரையில் எடுத்த படங்கள் கூர்மையாக வருகின்றன. ஆனால் மயிலாப்பூரில் ஒரு கச்சேரியிலும், வீட்டில் இரவு நடந்த அக்காவின் வளைகாப்பிலும் எடுத்தவை பெரும்பாலும் கலங்கிக் கிடக்கின்றன. உறவினர் ஒருவர் போனில் எடுத்த படங்களே அவற்றைவிட நன்றாக இருந்தனவாம். தன் கை நடுங்குகிறதா, ட்ரைபாட் (கேமராவைத் தாங்கும் முக்காலி) வாங்க வேண்டுமா, அல்லது கேமராவையே மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார்.

கேமராவை மாற்ற வேண்டாம். கை எல்லோருக்கும் நடுங்கும். அந்த நடுக்கம் படத்தில் பதிய நேரம் கிடைத்ததா இல்லையா என்பதே கடற்கரைக்கும் உங்கள் வீட்டுக் கூடத்துக்கும் உள்ள வேறுபாடு. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 100, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/5.6 என்று வைத்தால், ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டர் 1/800 வினாடி அளவில் திறந்து மூடிவிடுகிறது. அதே அமைப்புடன், ஒரே ஒரு டியூப்லைட் எரியும் கூடத்தில் எடுத்தால் அது ஏறக்குறைய ஒரு முழு வினாடி திறந்திருக்க வேண்டும். கண் தன்னை இருட்டுக்கு ஏற்பச் சரிசெய்துகொள்வதால், இந்த எண்ணூறு மடங்கு வேறுபாட்டை நாம் உணர்வதே இல்லை. "வெளிச்சம் நன்றாகத்தானே இருந்தது" என்றே நினைக்கிறோம். ஆட்டோவில் விட்டால் கேமரா ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் கூட்டி, மீதத்துக்கு ஷட்டர் நேரத்தை நீட்டிவிடும். ஆகவே எதையும் வாங்கும் முன், ஆடிப்போன படங்களைக் கேமராவிலேயே திறந்து, விவரங்களில் ஷட்டர் வேகம் என்ன என்று பாருங்கள். 1/15, 1/20 என்ற எண்களே அங்கே இருக்கும் என்பது என் ஊகம்.

அடுத்து, கலங்கல் எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிய வேண்டும், ஏனெனில் மூன்று வெவ்வேறு கோளாறுகள் சிறிய திரையில் ஒரே மாதிரி தெரிகின்றன. படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, அதில் உள்ள மிகச் சிறிய ஒளிப்புள்ளியைத் தேடுங்கள். உங்கள் அக்காவின் மூக்குத்தி அதற்கு மிகப் பொருத்தமானது. மூக்குத்தியின் மினுக்கம் ஒரு கோடாகவோ கொக்கி போலவோ இழுபட்டிருந்து, பின்னால் சுவரில் தொங்கும் காலண்டரின் எழுத்துகளும் அதே திசையில் அதே அளவு இழுபட்டிருந்தால், ஆடியது கேமரா. காலண்டர் எழுத்து தெளிவாக இருந்து, மூக்குத்தியும் தலையில் வைத்த மல்லிகைச் சரமும் மட்டும் இழுபட்டிருந்தால், அசைந்தது அக்கா. மினுக்கம் இழுபடாமல் ஒரு சிறு வட்டமாக விரிந்திருந்து, பின்னால் இருப்பவரின் பட்டுப்புடவைச் சரிகை மட்டும் துல்லியமாக இருந்தால், ஃபோகஸ் தவறான இடத்தில் நின்றிருக்கிறது. முதல் கோளாறுக்குப் பிடிமானமும் ட்ரைபாடும் உதவும். இரண்டாவதற்கு அவை எள்ளளவும் உதவா. மூன்றாவதற்கு ஷட்டர் வேகத்தோடு தொடர்பே இல்லை. வீட்டு விசேஷங்களில் முதலும் இரண்டும் பெரும்பாலும் கலந்தே வருகின்றன என்பதால், இரண்டுக்கும் பொதுவான மருந்தான வேகமான ஷட்டரையே நான் முதலில் வைப்பேன்.

எவ்வளவு வேகம் போதும்? கையில் பிடித்து எடுப்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: லென்ஸின் குவியத் தூரம் (ஜூம் செய்யும்போது மாறும் 18, 55 போன்ற எண்) எத்தனை மில்லிமீட்டரோ, வினாடியில் அத்தனையில் ஒரு பங்கு. உங்கள் கேமராவில் படத்தைப் பதிக்கும் சென்சார், ஃபிலிம் சட்டகத்தின் அளவே உள்ள முழு அளவுச் சென்சாரைவிடச் சிறியது என்பதால் குவியத் தூரத்தை 1.6 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் 18 மி.மீ.க்கு ஏறக்குறைய 1/30, 55 மி.மீ.க்கு 1/90, 250 மி.மீ.க்கு 1/400 வேண்டும். இது ஃபிலிம் காலத்தில் எழுந்த கணக்கு. இன்றைய 24 மெகாபிக்சல் படத்தை முழு அளவுக்கு விரித்துப் பார்ப்பவர் இன்னும் ஒரு படி வேகமாக வைத்துக்கொள்வது நல்லது. மேலும் இது கை நடுக்கத்துக்கு மட்டுமான கணக்கு. மனிதர்கள் அசைவார்கள்: உட்கார்ந்து பேசுபவருக்கு 1/60 ஓரளவு போதும், வளையல் அடுக்கும் கைகளுக்கு 1/125 வேண்டும், மிருதங்கக்காரரின் விரல்களுக்கு 1/250 கூடப் பல நேரம் போதாது.

இந்த வேகம் எங்கிருந்து வரும் என்றால், முதலில் ஐஎஸ்ஓவிலிருந்து. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் கேட்பவர்களில் பெரும்பாலோர் ஐஎஸ்ஓ 400ஐத் தாண்டவே அஞ்சுகிறார்கள். "ஐஎஸ்ஓ கூட்டினால் நாய்ஸ் வந்துவிடும்" என்று யாரோ சொன்னது மனதில் பதிந்துவிட்டது. வரும்தான். ஆனால் ஐஎஸ்ஓ 3200இல் வரும் மணல் போன்ற புள்ளிகள், படத்தைப் போனில் பார்க்கும்போதும் ஆல்பத்தில் அச்சிடும்போதும் பெரும்பாலும் அடங்கிவிடும்; இன்றைய மென்பொருள்கள் அவற்றை மிக நன்றாகக் குறைக்கவும் செய்கின்றன. ஆடிப்போன கண்ணையும் இழுபட்ட சிரிப்பையும் எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்டுத்தர முடியாது. ஐஎஸ்ஓவை ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் ஷட்டர் நேரம் பாதியாகிறது. 100இலிருந்து 1600க்குப் போனால் நான்கு முறை பாதியாகும்; அதாவது 1/8 வினாடி 1/125 ஆகிவிடும். நடுங்கும் படத்துக்கும் கூர்மையான படத்துக்கும் உள்ள தூரம் பல நேரங்களில் இவ்வளவே. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: ஐஎஸ்ஓவைக் குறைவாக வைத்து இருட்டாக எடுத்துக்கொண்டு, பின்னர் கணினியில் வெளிச்சம் கூட்டினால் புள்ளிகள் குறைவாக வரும் என்று சிலர் நம்புகிறார்கள். உங்கள் வகைக் கேமராக்களில் நேர்மாறாகவே நடக்கும். நிழல் பகுதிகளில் புள்ளிகளும் பட்டைகளும் கூடுதலாகத் தெரியும்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். மோட் வட்டை மேனுவலில் வையுங்கள். ஷட்டரை 1/100 அல்லது 1/125இல் நிறுத்துங்கள். அபெர்ச்சரை லென்ஸ் அனுமதிக்கும் அளவுக்கு, அதாவது மிகச் சிறிய எஃப் எண்ணுக்கு, முழுவதும் திறந்துவிடுங்கள். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு அதன் உச்சவரம்பை 6400 என்று வையுங்கள். இனி வெளிச்சம் ஏறி இறங்கினாலும் ஷட்டர் நீளாது; ஐஎஸ்ஓ மட்டுமே ஏறி இறங்கும். படம் அப்போதும் இருட்டாக வந்தால் 6400உம் போதவில்லை என்று பொருள். அப்போது வெளிச்சத்தைக் கூட்டுவது, லென்ஸை மாற்றுவது, பிடிமானத்தைத் தேடிக்கொண்டு ஷட்டரைச் சற்று இறக்குவது ஆகிய மூன்றில் ஒன்றைச் செய்ய வேண்டியிருக்கும்.

லென்ஸைப் பற்றி. உங்கள் 18-55 லென்ஸை 55க்கு நீட்டும்போது இரண்டு பக்கமும் நட்டப்படுகிறீர்கள்: அபெர்ச்சர் எஃப்/5.6 ஆகச் சுருங்குகிறது. தேவைப்படும் ஷட்டர் வேகமோ கூடுகிறது. மேலே சொன்ன டியூப்லைட் கூடத்தையே எடுத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ 1600இல், 55 மி.மீ.யில் உங்களுக்குக் கிடைப்பது 1/15. கை நடுக்கம் தெரியாமலிருக்க வேண்டியது 1/90. அதே ஐஎஸ்ஓவில் 18 மி.மீ.க்கு வந்தால் அபெர்ச்சர் எஃப்/3.5 வரை திறக்கும், 1/40 கிடைக்கும், நடுக்கத்துக்கு வேண்டியது 1/30 மட்டுமே. எனவே மூலையில் நின்று ஜூம் செய்வதை விட்டு, இரண்டு அடி முன்னால் போங்கள். முகத்தை மட்டும் மிக நெருங்கி 18இல் எடுக்க வேண்டாம், மூக்கு பெருத்துத் தெரியும். இருவர் மூவர் சேர்ந்த படங்களுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

எதையாவது வாங்கியே தீர வேண்டும் என்றால், 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை வாங்குங்கள். கேனானில் விலை மிகக் குறைந்த லென்ஸ்களில் அது ஒன்று, எஃப்/5.6உடன் ஒப்பிட்டால் ஏறக்குறைய பத்து மடங்கு ஒளியை உள்ளே விடுகிறது. அதே கூடத்தில், அதே ஐஎஸ்ஓ 1600இல், 1/15 வினாடி 1/160 ஆகிவிடும். உங்கள் சென்சாரில் இது சற்று நெருக்கமான சட்டகத்தையே தரும். சென்னை அடுக்குமாடி வீட்டின் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் முழுக் குடும்பத்தையும் இதில் அடக்க முடியாது. முகங்களுக்கும், கைகளுக்கும், வளைகாப்புத் தட்டுகளுக்கும் இதை வைத்துக்கொண்டு, குழுப் படங்களுக்குப் பழைய லென்ஸையே பயன்படுத்தலாம். முழுவதும் திறந்த எஃப்/1.8இல் ஒன்றரை மீட்டர் தூரத்தில் தெளிவாக இருக்கும் ஆழம் ஆறேழு சென்டிமீட்டர் மட்டுமே என்பதால், ஃபோகஸ் புள்ளியைக் கேமராவின் விருப்பத்துக்கு விடாமல், நீங்களே அருகிலுள்ள கண்ணில் வையுங்கள்.

உங்கள் 55-250 லென்ஸில் நடுக்கத் தடுப்பு உண்டு. கேனான் 1995இல் 75-300 லென்ஸில் இதை முதன்முதலாகக் கொண்டுவந்தது; இன்று பல நிறுவனங்கள் சென்சாரையே அசைத்து இதைச் செய்கின்றன. நன்றாக வேலை செய்யும் நுட்பம்தான். 1/400 வேண்டிய இடத்தில் 1/100 போதும் என்ற நிலைக்குக் கொண்டுவரும். ஆனால் அது உங்கள் கையின் அசைவை மட்டுமே ஈடுசெய்யும். குத்துவிளக்கையும் மேடைத் தோரணத்தையும் தெளிவாக எடுக்கும் அதே வேகத்தில், பாடகரின் கை புகையாகக் கரைந்துவிடும். இன்னொரு சிறு விஷயம்: ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, வியூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளையில்) காட்சி நிலைப்படும்வரை ஒரு கணம் காத்திருந்து, பிறகு முழுவதும் அழுத்துங்கள். படக்கென்று அழுத்துபவர்களுக்கு இந்த வசதி முழுப் பலனைத் தருவதில்லை.

இனி பிடிமானம். இடது உள்ளங்கை மேல்நோக்கி விரிந்து லென்ஸின் அடியில் எடையைத் தாங்க வேண்டும். கேமராவின் பக்கவாட்டைப் பற்றிக்கொண்டு நிற்பதால் பயன் இல்லை. இரண்டு முழங்கைகளும் விலாவோடு ஒட்டியிருக்க, வியூஃபைண்டர் புருவ எலும்பில் அழுந்தியிருக்க வேண்டும். கையை முன்னால் நீட்டித் திரையைப் பார்த்து எடுத்தால் இந்த மூன்றாவது தாங்கல் போய்விடுகிறது. மூச்சை இயல்பாக வெளியே விட்டு, அடுத்த மூச்சு தொடங்கும் முன் உள்ள இடைவெளியில் விரலின் சதைப்பகுதியால் மெல்ல அழுத்துங்கள்; ஷட்டரின் ஓசை அடங்கும்வரை விரலை எடுக்க வேண்டாம். மூன்று நான்கு படங்களைத் தொடர்ச்சியாக எடுத்தால் நடுவில் வருபவை பெரும்பாலும் கூர்மையாக இருக்கும், ஏனெனில் பொத்தானை அழுத்துவதும் விடுவதுமே கேமராவை அதிகம் ஆட்டுகின்றன.

அக்கம்பக்கத்தில் இருக்கும் எதுவும் ட்ரைபாட் ஆகும். கல்யாண மண்டபத் தூணில் தோளைச் சாய்க்கலாம். வீட்டில் கதவு நிலையில் சாயலாம். சபா நாற்காலியின் கைப்பிடிகளில் முழங்கைகளை ஊன்றலாம். ஹோமத்தின் முன் தரையில் உட்கார்ந்து எடுக்கும்போது ஒரு முழங்காலைக் குத்திட்டு வைத்து, அதன்மேல் முழங்கையைச் சற்று முன்னால் தள்ளி, மேற்கையின் சதை முழங்காலில் பதியுமாறு வையுங்கள். எலும்பின்மேல் எலும்பு வைத்தால் வழுக்கிக்கொண்டே இருக்கும். செலவில்லாத ஒரு வழியும் உண்டு. கேமராவின் அடியில் ட்ரைபாடுக்கென இருக்கும் துளை கால் அங்குல மரை கொண்டது. இரும்புக் கடையில் அதற்குப் பொருந்தும் குட்டை போல்ட் ஒன்றை வாங்கி, அதில் உங்கள் உயரத்துக்கு ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். கயிறு விறைப்பாக இருக்கும்வரை மேலும் கீழுமான நடுக்கம் வெகுவாகக் குறையும். போல்ட்டைக் கையால் மட்டும் நாலைந்து மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் திருகுங்கள். நீண்ட போல்ட்டை முடுக்கினால் கேமராவின் அடிப்பகுதி கெட்டுவிடும்.

கச்சேரிக்கு வேறு சில விதிகள் பொருந்தும். பல சபாக்கள் படமெடுக்கவே அனுமதிப்பதில்லை. அனுமதிக்கும் இடத்திலும் ஃபிளாஷ் கூடாது. உங்கள் வகைக் கேமராவில் ஃபோகஸுக்கு உதவியாக ஃபிளாஷ் படபடவென்று மின்னும் ஏற்பாடு ஒன்று உண்டு. மெனுவில் அதை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 250 மி.மீ., எஃப்/5.6, ஐஎஸ்ஓ 3200, நடுக்கத் தடுப்புடன் 1/125 என்பது மேடை வெளிச்சம் ஓரளவு நன்றாக இருக்கும் அரங்குகளில் எட்டக்கூடிய இலக்கு. அதற்குமேல் வேகம் கிடைக்காதபோது, அசைவு தானாக நிற்கும் கணத்தைப் பிடியுங்கள். வயலின் வில் திசை மாறும் இடத்தில் ஒரு கணம் நிற்கிறது. பாடகரின் கை உயர்ந்து உச்சத்தில் நின்ற பிறகே இறங்குகிறது. பரதநாட்டியத்தில் தீர்மானம் எனும் முடிப்புக் கோவை முடிந்து ஆடுபவர் நிலைகொள்ளும் அந்த நொடியில் 1/125 கூடக் கூர்மையான படத்தைத் தந்துவிடும். ஜதி ஓடும்போது 1/500உம் தடுமாறும். கச்சேரிப் படம் நன்றாக எடுப்பவர்கள் பெரும்பாலும் தாளம் தெரிந்தவர்களாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஆலாபனையின்போது ஷட்டர் ஓசை மூன்று வரிசைக்குக் கேட்கும் என்பதையும் தயவுசெய்து நினைவில் கொள்ளுங்கள்.

டியூப்லைட்டின் துடிப்பு குறித்தும் சொல்ல வேண்டும். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி கொண்டது. சோக் போட்ட பழைய டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்புகளும் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. 1/250, 1/500 என்று வைத்தால் ஒரு படம் வெளுத்தும் அடுத்த படம் மஞ்சளித்து இருண்டும் வருவது இதனால்தான். 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒவ்வொரு படத்திலும் துடிப்பு முழுமையாக அடங்கிவிடும். அதனால் வீட்டுக்குள் 1/125ஐவிட 1/100 எனக்குப் பிடித்த எண்.

அனுமதி உள்ள இடத்தில் ஃபிளாஷைக் கூரையை நோக்கித் திருப்பி அடிப்பது மிக நல்ல வழி. வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய, பத்தடி உயரக் கூரையுள்ள வீட்டில் வெளிச்சம் மென்மையாகப் பரவி இறங்கும். ஃபிளாஷ் ஒளிரும் நேரம் பெரும்பாலும் 1/1000 வினாடிக்கும் குறைவு என்பதால் அசைவும் உறைந்துவிடும். இதற்குத் தலை திரும்பும் தனி ஃபிளாஷ் வேண்டும். கேமராவோடு வரும் சிறிய ஃபிளாஷ் முகத்தில் நேராக அடித்து, பின்சுவரில் கருநிழலைப் போடும். மண்டபங்களில் கூரை மிக உயரம் என்பதால் இது எடுபடாது. அங்கே வீடியோக்காரரின் விளக்கைக் கவனியுங்கள். தாலி கட்டும் நேரத்தில் அவர் எல்இடி விளக்கை ஏற்றியே தீருவார். அவருடைய பார்வையை மறைக்காமல், விளக்கு இருக்கும் பக்கத்திலேயே நின்றால், அந்தச் சில நிமிடங்களுக்கு ஐஎஸ்ஓ பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

உறவினரின் போன் ஏன் வென்றது என்பதற்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. போனின் முதன்மை லென்ஸ் அகலக் கோணம் கொண்டது, எஃப்/1.8 அளவுக்குத் திறந்தது. ஆகவே நடுக்கம் குறைவாகவே தெரியும். அதோடு பல படங்களை விரைவாக எடுத்து ஒன்றாக அடுக்கிவிடுகிறது. கூகுள் பிக்சலில் 2018இலும், ஐபோன் 11இல் 2019இலும் வந்த இரவுப் படமுறை இந்த அடுக்குதலையே நீட்டித்த வடிவம். ஓடும் குழந்தையிடம் அதுவும் தோற்கும். போனில் எடுக்கும்போது ஜூம் செய்ய வேண்டாம். இருட்டில் பல போன்கள் தொலைநோக்கு லென்ஸைக் கைவிட்டு முதன்மைப் படத்தையே வெட்டிப் பெரிதாக்குகின்றன.

சென்னைக்கே உரிய ஒரு தொல்லை: ஏசி காரிலிருந்தோ ஏசி அரங்கிலிருந்தோ புழுக்கமான சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்தவுடன் லென்ஸ் கண்ணாடியில் பனி படியும். அப்போது எடுத்த படம் ஒட்டுமொத்தமாக வெளிறி, விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டத்துடன் வரும். அதை ஃபோகஸ் கோளாறு என்று நினைத்துப் பலர் லென்ஸையே மாற்றிப் பார்க்கிறார்கள், உள்ளேயும் ஈரம் புகுந்துவிடுகிறது. கேமராவை மூடிய பையிலேயே கால் மணி நேரம் வைத்திருந்து வெளியே எடுங்கள்.

கடைசியாக ட்ரைபாட். வளைகாப்புக்கும் கச்சேரிக்கும் அது வேண்டாம்; ஆள் நடமாட்டத்தில் இடறும், அசையும் மனிதர்களுக்கு உதவவும் செய்யாது. நவராத்திரிக் கொலுவுக்கு அதைவிடச் சிறந்த கருவி கிடையாது. பொம்மைகள் அசையாதவை, எனவே ஐஎஸ்ஓ 100, எஃப்/8 என்று வைத்து ஷட்டரை எத்தனை வினாடி வேண்டுமானாலும் திறந்துவைக்கலாம், மேல்படிக் கலசத்திலிருந்து கீழ்ப்படிச் செட்டியார் பொம்மைவரை எல்லாம் துல்லியமாக வரும். நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களை மட்டும் நீட்டுங்கள். லென்ஸின் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள், நிலையான தாங்கலில் பழைய லென்ஸ்கள் சில தாமே அசைவை உண்டாக்கும். பொத்தானை விரலால் அழுத்தாமல் இரண்டு வினாடி டைமரை வையுங்கள். படியில் விரித்த துணியும் பூச்சரமும் ஆடாமலிருக்க, எடுத்து முடிக்கும்வரை மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள்.